மாணவர் அழைத்த விருந்தினர்

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தின் கீழ்த்திசையில் ஸெயிண்ட் காலன் என்றொரு நகரம் உளது. பழைய மடாலயம் ஒன்றின் நூல்நிலையத்துக்கும், துணிகளிற் செய்யும் பூவேலைக்கும் பெயர் பெற்ற ஊர். அப்பூவேலைத் தொழில் செழித்திருந்த காலத்தில், 1898-இல் தோன்றிய வர்த்தகக் கலாசாலையே இன்று அங்கே பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்குக் கூடும் ஒரு மகாநாட்டைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிந்தேன். கல்லூரியிற் பயிலும் பிள்ளைகளையுடைய நம் அன்பர்களுக்கு இச்செய்தி பயன்படக்கூடும்.

1968-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மாணவருலகம் கொந்தளித்தது. பாரிஸ் நகரத்து மாணவர்கள் வீதியிற் பாவியிருந்த கற்களைப் பெயர்த்துத் தடையரண் எழுப்பினர். ஸெயிண்ட் காலனுக்கு அணித்தாயுள்ள ஜூரிச் நகரிலும் அவ்வாண்டு ஜூன் மாதம் பெருங்கலகம் மூண்டது. மந்திரிகளையும் முதலாளிகளையும் இளைஞர்கள் பகைவராக எண்ணினர். அவர்களோ இளைஞர்களை முகங்கொடுத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. இந்நிலையில், மறு ஆண்டு ஸெயிண்ட் காலன் மாணவர் ஐவர் வேறொரு வழியை யோசித்தனர். அதிகாரத்தில் இருப்போரைத் தங்கள் கலாசாலைக்கே விருந்தினராக அழைத்து, எதிரில் அமர்ந்து கேள்வி கேட்பது என்பதே அவ்வழி. முதற்கூட்டம் 1970-இல் நடைபெற்றது. 2020-இல் கொள்ளைநோய் குறுக்கிட்டதால் ஐம்பதாவது கூட்டம் மறு ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

இம்மகாநாட்டிற் பேராசிரியர்களின் பொறுப்பு மிகக் குறைவு. ஏறக்குறைய முப்பது மாணவர்கள் ஓராண்டுக் காலம் படிப்பை நிறுத்திவைத்து இதே வேலையாக இருக்கின்றனர். எதைப் பற்றிப் பேசுவது, யாரை அழைப்பது, பணத்துக்கு எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டுவது என்பனவெல்லாம் அவர்கள் முடிவு. மகாநாட்டு நாட்களில் வேறு பல நூறு மாணவர்கள் தொண்டர்களாகச் சேர்கின்றனர். பெரிய மனிதர்களின் பிரசங்கங்களைப் பத்திரிகையிலும் படித்துக்கொள்ளலாம். அதற்காக ஒருவர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருவன், ஒரு நாட்டின் நிதிமந்திரிக்குக் கடிதம் எழுதி, மறுப்புப் பெற்று, மீண்டும் எழுதி வரவழைக்கிறானே, அந்த ஓராண்டுப் பயிற்சியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

செல்வர்களின் பணத்தில் நடக்கும் கூட்டத்தில் செல்வர்களை எப்படிக் கடிந்து பேசமுடியும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். வளர்ச்சிக்கும் எல்லை உண்டு, பூமியின் வளம் வற்றாத ஊற்றன்று என்று எச்சரித்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் ஆராய்ச்சி, 1972-இல் இம்மகாநாட்டில், தொழிலதிபர்களின் முன்னிலையிலேயே எடுத்துரைக்கப்பட்டது. அந்நூலாசிரியர்களுள் முதலாவதாகப் பெயர் விளங்கும் டொனெல்லா மெடோஸ் அம்மையாருக்கு அப்பொழுது வயது 31. கேட்டவர்களுக்கு அது இனிப்பாய் இருந்திராது.

பிற நாட்டு மாணவர்க்கும் அங்கே இடமுண்டு. மேற்பட்டப் படிப்பில் உள்ளவர்கள் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பவேண்டும். தேர்ந்தெடுக்கப்படுவோர் ஏறக்குறைய நூறு பேர். அவர்களுடைய பிரயாணச் செலவையும் தங்கும் செலவையும் மகாநாட்டினரே ஏற்கின்றனர். நம் தேசத்திலும் இவ்வகை முயற்சிகள் இல்லாமலில்லை. பம்பாய் போவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் 1998 முதல் ‘டெக்ஃபெஸ்ட்’ என்ற விழாவையும், சென்னை ஐ.ஐ.டி.யில் 2000 முதல் ‘சாஸ்த்ரா’ என்ற விழாவையும் மாணவர்களே நடத்தி விஞ்ஞானிகளை அழைக்கின்றனர். போட்டிகளின் ஆரவாரத்தில் அங்கே சொற்பொழிவுகள் சற்று அமுங்கிப்போவதுண்டு; எனினும் போய்க் கேட்கத்தக்கவை.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘சர்வதேச மகாநாடு’ என்ற பெயரால் மாணவரிடமே கட்டணம் வாங்கி, ஒரு நாள் உட்காரவைத்து, அச்சிட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பும் கூட்டங்களும் பெருகியுள்ளன. பணம் கட்டுமுன், அழைக்கப்பட்ட நிபுணர் யார், அவரிடம் கேள்வி கேட்க எத்தனை நாழிகை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பிள்ளையை விசாரித்து வரச்சொல்லுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கித் தரலாம்.

இவ்வளவையும் எழுதும்போது நம் சங்கங்களின் ஆண்டுவிழாக்கள் நினைவுக்கு வராமல் இல்லை. பிறந்த ஊரை விட்டு வந்த நாம் பாடுபட்டு வளர்த்த சங்கங்கள் இவை. இங்கே நம் இளைஞர்கள் நாற்காலி போடுகிறார்கள். வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டுகிறார்கள். பிறகு பின்வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நாற்காலி போடுவதில் இழிவொன்றும் இல்லை. ஸெயிண்ட் காலன் மாணவரும் அதைச் செய்கின்றனர். ஆனால் அந்த நாற்காலியில் அமரவேண்டியவரைத் தேர்ந்தவர்களும் அவர்களே. நம் வீடுகளிலோ, பெரியவர் பேசும்போது குறுக்கே கேட்பது மரியாதையன்று என்று பழக்கிவிட்டு, கல்லூரிக்குப் போனபின் பிள்ளை வாய்திறக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

வருகிற ஆண்டுவிழாவில் ஒரு பிற்பகலை மட்டுமாவது கல்லூரி மாணவ மாணவியரிடம் ஒப்படைத்துப் பார்க்கலாமென்று காரியக் கமிட்டியாருக்கு விண்ணப்பித்துக்கொள்கிறேன். விருந்தினரையும் பொருளையும் அவர்களே தெரிந்தெடுக்கட்டும். பிரசங்கம் அரைமணி, கேள்விகள் ஒருமணி. கேள்வி நேரத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் எழுந்திருக்கலாகாது. வந்தனோபசாரம் இரண்டு நிமிஷத்துக்கு மேற்போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.