ஒளிர்வது குறி மட்டுமே: கேரள எல்லையில் இரவுநேரப் பன்றி வேட்டை எழுப்பும் கேள்விகள்

பாலக்காடு: கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களில், பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட்டுக்கொல்லும் பணி பெரும்பாலும் இரவிலேயே நடைபெறுகிறது. பகலில் புதருக்குள் பதுங்கியிருந்து, இருட்டிய பின் வயலுக்குள் இறங்குவது பன்றியின் வழக்கம். இதனால், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரிடையே குறுக்குக்கோடு ஒளிரும் 'ஸ்கோப்' கருவி கவனம் பெறுகிறது. இருளில் சுடுவதை இக்கருவி எளிதாக்கும் என்பது உண்மையே. ஆனால், சுடப்படுவது பன்றிதானா என்பதை அது உறுதிசெய்யாது. தோட்டத் தொழிலாளர்கள் விடியும் முன்பே நடமாடும் எல்லைப் பகுதியில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டதாகும்.

சட்டம் அனுமதிப்பது என்ன?

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, உரிமம் பெற்று வேட்டையாடும் முறை நடைமுறையில் இருந்தது. அப்போதும்கூட, சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை வேட்டையாடுவதும், செயற்கை ஒளியைப் பயன்படுத்துவதும் சிறப்பு அனுமதியின்றித் தடைசெய்யப்பட்டிருந்தன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

தற்போது காட்டுப்பன்றி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. மனித உயிருக்கோ, நிலத்தில் உள்ள பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து ஏற்படுத்தும் விலங்கைக் கொல்ல, 11-ஆவது பிரிவின் கீழ் எழுத்துபூர்வ அனுமதி வழங்கலாம். இதற்கான அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அவர்கள் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். துப்பாக்கி உரிமம் பெற்றவர்களைக் கொண்டு பன்றிகளைச் சுட அவர்கள் உத்தரவிடலாம். நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. சுடுபவருக்கு ஒரு பன்றிக்கு 1,500 ரூபாயும், உடலைப் புதைக்க 2,000 ரூபாயும் வழங்க 2025-இல் முடிவெடுக்கப்பட்டது.

காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்க வேண்டும் என்ற கேரளத்தின் கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. இதைத் தொடர்ந்து, அவ்வாறு அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கே வழங்கும் திருத்த மசோதாவைக் கேரளச் சட்டப்பேரவை 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தைத் திருத்துவதால், இது நடைமுறைக்கு வரக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. இவ்வாறு, 'யார் சுடலாம், யார் அனுமதிக்கலாம்' என்பதைச் சுற்றியே விவாதம் நடந்துவருகிறது. 'எதைக் கொண்டு, எப்படிச் சுடுவது' என்ற கேள்வி பின்தங்கிவிட்டது.

ஒளிரும் கோடு செய்வதும் செய்யாததும்

சாதாரண ஸ்கோப்பில் உள்ள கறுப்புக் குறுக்குக்கோடு, இருளில் கறுத்த பன்றியின் உடல்மீது பதியும்போது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஒளிரும் வகையில், சிறிய மின்கலத்தால் இயங்கும் விளக்கு கோட்டின் மையத்தைச் சிவப்பாகவோ பச்சையாகவோ காட்டும். குறி எங்கே இருக்கிறது என்பது சுடுபவருக்குத் தெளிவாகும். அதன் பயன் அவ்வளவே. இலக்கின் மீது அது ஒளி பாய்ச்சுவதில்லை. இரவுப்பார்வைக் கருவியைப் போலவோ வெப்ப உணரியைப் போலவோ உருவத்தை வெளிப்படுத்துவதும் இல்லை.

அந்த ஒளி மிகுந்தால் பாதகமும் உண்டு. மனிதக் கண் இருளுக்கு நன்கு பழக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். கூசும் அளவு ஒளிரும் புள்ளி அந்தப் பழக்கத்தைக் குலைத்து, பின்னால் இருக்கும் உருவத்தையே மங்கச் செய்துவிடும். ஆகவே, பகலில் எவ்வளவு பளிச்சிடுகிறது என்பதைவிட, இருளில் எவ்வளவு தாழ்த்த முடிகிறது என்பதே இக்கருவியின் முதல் தகுதி.

இரண்டாவது தகுதி கண்ணாடி வில்லையின் அளவு. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 56 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட ஸ்கோப்பில் அது 7 மில்லிமீட்டர். இருளில் இளைஞரின் கண்பாவை விரியும் அளவும் ஏறத்தாழ அதுவே. வயது கூடக் கூட அது சுருங்கும். 50 மில்லிமீட்டர் வில்லையை 16 மடங்கில் வைத்தால் கற்றை 3 மில்லிமீட்டராகக் குறைந்து, காட்சி இருண்டுவிடும். அதிக உருப்பெருக்கமே சிறந்தது என்ற விளம்பர மொழி இரவுக்குப் பொருந்தாது.

கருவியைத் துப்பாக்கியில் இறுகப் பொருத்தி, பகலில் இலக்குப் பலகையில் சுட்டுச் சரிபார்க்காவிட்டால் எந்த ஸ்கோப்பும் பயன்படாது. தளர்ந்த பொருத்தத்தில் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்வும் குறியை நகர்த்தும்.

மின்னும் கண்கள் யாருடையவை?

இரவில் டார்ச் ஒளியில் மின்னும் கண்களை வைத்து விலங்கைக் கண்டுகொள்வது வேட்டையில் பழைய வழக்கம். பன்றியைப் பொறுத்தவரை இது பெரும் பிழைக்கு வழிவகுக்கும். மாடு, ஆடு, நாய், மான், சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உள்ளது. பன்றிகளுக்கு அப்படலம் கிடையாது. எனவே, பளிச்சென மின்னும் கண்கள் பன்றியுடையவையாக இருக்கும் வாய்ப்பு குறைவு. மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பாத மாட்டுடையவையாகவோ, காவல் நாயுடையவையாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். மனிதரிடமும் ஒளியைத் திருப்பும் பொருட்கள் உண்டு.

இருளில் குறி பிசகுவதன் விலை என்ன என்பதை இடுக்கி அறியும். 2022-ஆம் ஆண்டு மூணாறு அருகே போத்தமேடு காட்டுப்பகுதியில், சட்டவிரோத வேட்டைக்குச் சென்ற குழுவில் இருந்த பழங்குடியின இளைஞர் ஒருவர் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். அவரது உடலை உடன் சென்றவர்களே புதைத்தது பின்னர் தெரியவந்தது. அது அனுமதி பெற்ற பன்றி ஒழிப்புப் பணி அல்ல. ஆனால், அனுமதிக் கடிதம் இருப்பதால் இருள் விலகிவிடுவதில்லை.

வயலும் மலையும்

இரு மாவட்டங்களின் நில அமைப்பும் வெவ்வேறானது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளில் நெல்வயல்களும் தோப்புகளும் சமவெளியில் பரந்துள்ளன, இடையிடையே வீடுகள். அங்கு ரைஃபிளில் இருந்து புறப்படும் தோட்டா தவறினால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும். உருண்டைகள் நிரம்பிய 12 போர் துப்பாக்கித் தோட்டா ஏறத்தாழ 40 மீட்டருக்குள்தான் பலனளிக்கும் என்பதால், அங்கு அதுவே ஓரளவு பாதுகாப்பானது. அந்தத் தூரத்துக்குப் பெரிய ஸ்கோப் தேவைப்படாது. நல்ல விளக்கும் எளிய ஒளிப்புள்ளியும் போதும்.

உடும்பஞ்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை பகுதிகளின் ஏலத் தோட்டங்களில் சரிவுகளே தோட்டாவைத் தாங்கும் தடுப்பாக அமையலாம். ஆனால், அடர்ந்த ஏலச் செடிகளுக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பது தெரியாது. தேனி மாவட்டத்தில் இருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் தொழிலாளர்கள் ஜீப்புகளில் இத்தோட்டங்களுக்கு வருகின்றனர். வீட்டை விட்டு அவர்கள் புறப்படும் வேளையும், பன்றிகள் மேய்ச்சலை முடித்துத் திரும்பும் வேளையும் ஒன்றே.

எல்லைக்கு இப்பால் தமிழக அரசு வேறு வழியைத் தேர்ந்தது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டும், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயிக்கு இது தாமதமான தீர்வு. ஆனால், சுடுபவர் யார், அவரது பயிற்சி என்ன என்பதற்கு அரசே பொறுப்பேற்கிறது. கேரள முறை விரைவானது. அங்கு அந்தப் பொறுப்பு உள்ளாட்சியிடமும் தனிநபரிடமும் விழுகிறது.

துப்பாக்கி வேண்டாம் என்பது விடையல்ல

சட்டபூர்வமான வழி பலனளிக்காவிட்டால் விவசாயிகள் நாடும் வழி இன்னும் கொடியது. 2020-இல் பாலக்காடு மாவட்டத்தில் வெடிபொருள் வைத்த உணவைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே இறந்தது உலகையே உலுக்கியது. 2022 மே மாதம் முட்டிக்குளங்கரையில் பன்றிக்கு வைத்த மின்பொறியில் சிக்கி இரு போலீசார் உயிரிழந்தனர். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரு இளைஞர்கள் அதே விதமாக இறந்து, வயலிலேயே புதைக்கப்பட்டனர். மின்கம்பி இலக்கைப் பார்ப்பதே இல்லை. மனிதர் பார்த்து, முடிவெடுத்துச் சுடுவது அதைவிட மேலானது. அவர் உண்மையிலேயே பார்க்கிறார் என்றால்.

ஜெர்மனி 2020-இல் தனது ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, வேட்டை உரிமம் பெற்றோர் ஸ்கோப்புடன் இரவுப்பார்வைக் கருவியை இணைக்க வழிசெய்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அச்சமே அதற்குக் காரணம். அங்கு வேட்டை உரிமம் பெறவே கடினமான தேர்வில் தேற வேண்டும். அந்தக் கருவியோடு அந்தப் பயிற்சியும் சேர்ந்தே வருகிறது.

கேரள எல்லையில் உள்ளாட்சிகள் செய்யக்கூடியவை எளியவை. சுடும் இரவையும் இடத்தையும் தோட்ட நிர்வாகங்களுக்கும் அண்டை வீடுகளுக்கும் முன்கூட்டியே தெரிவிக்கலாம். சுடுபவருடன் விளக்குப் பிடிக்க ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என விதிக்கலாம். தொழிலாளர் வருகைக்கு முன்பே பணியை நிறுத்தலாம். முழு உருவமும் தெரிந்து, பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுட வேண்டும் என அனுமதிக் கடிதத்திலேயே எழுதலாம். இவற்றுக்குப் பிறகு வாங்கப்படும் ஸ்கோப் உதவியாக இருக்கும்; இவை இல்லாமல் வாங்கப்படுவது, தெரியாத ஒன்றின்மீது தெளிவாகக் குறி வைக்க மட்டுமே பயன்படும்.