பனியன் துணிக்குக் காமிரா: பைத்தானா, சி பிளஸ் பிளஸ்ஸா?

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். திருப்பூர்ல ஜாப் ஒர்க் நிட்டிங் வச்சிருக்கார். "ஏனுங்க, மெஷின்ல ஒரு காமிரா வச்சு, ஊசி உடைஞ்சா உடனே நிறுத்தற மாதிரி பண்ண முடியுங்களா? எந்த லேங்குவேஜ்ல எழுதோணும்?"

பொட்டி தட்டற நம்மாளுங்க மூணு பேர்கிட்ட கேட்டேன். சி பிளஸ் பிளஸ்னார் ஒருத்தர். ரஸ்ட்னார் இன்னொருத்தர். பைத்தானே போதும்னார் மூணாமவர். அரை மணி நேரம் சண்டை. ஒருத்தர்கூட மெஷின் என்ன வேகத்துல சுத்துதுன்னு கேட்கலை! அங்கதாங்க தப்பே.

விஷயம் சின்னது இல்லை. ஊசி ஒண்ணு உடைஞ்சா துணி நெடுக ஒரு கோடு விழும். கோரா துணியில சட்டுனு கண்ணுக்குத் தெரியாது. அடர் கலர் சாயம் ஏறினதும் பல்லைக் காட்டும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீர் சொட்டுகூட வெளியே போகக்கூடாதுன்னு ஆன பிறகு, சாயம் போடறது செலவு பிடிச்ச வேலை. அந்தச் செலவும் சேர்ந்து நிட்டிங்காரர் தலையில டெபிட்டா விழும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 30 இன்ச் மெஷின், 24 கேஜ், நிமிஷத்துக்கு 25 சுத்துன்னு வச்சுக்குங்க. சுற்றளவு சுமார் 239 செ.மீ. ஒரு சுத்துக்கு 2.4 செகண்ட். அதாவது துணி காமிரா முன்னால செகண்டுக்கு 1 மீட்டர் ஓடுது. ஒரு படத்துல 5 செ.மீ. தெரிஞ்சா, செகண்டுக்கு 20 படம். ஒரு படத்துக்கு நமக்குக் கிடைக்கிறது 50 மில்லி செகண்ட்.

640 x 480 படத்துல மூணு லட்சம் புள்ளிக்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணையும் பக்கத்துப் புள்ளிகளோட ஒப்பிட பைத்தான்ல ஃபார் லூப் போட்டா, 50 மில்லி செகண்ட் கண்டிப்பா பத்தாது. சி பிளஸ் பிளஸ் கட்சிக்காரங்க கை தட்டலாம். ஆனா அதே வேலையை ஓப்பன்சிவி ஃபங்ஷன்கிட்ட கொடுத்தா சில மில்லி செகண்ட்ல முடியும். 1999-ல் இன்டெல்லில் ஆரம்பிச்ச நூலகம் அது. உள்ளே ஓடறது சி பிளஸ் பிளஸ்தான். பைத்தான் மேஸ்திரி மாதிரி, வேலையைச் சொல்லிட்டு ஒதுங்கி நிக்குது.

"ஜாவா, சி ஷார்ப் எல்லாம் குப்பை அள்ள நடுவுல நிக்குமே, அப்ப படம் தவறுமே?" தவறட்டுங்க. ஊசிக் கோடு அடுத்த 2.4 செகண்ட்ல அதே இடத்துல திரும்ப வரும். சுத்தை எண்ண ஒரு சென்சார் போட்டு, ரெண்டு சுத்துலயும் அதே இடத்துல கோடு இருந்தா நிறுத்துன்னு எழுதினா போதும். ஒரே ஒரு தடவை விழற ஓட்டையையும் விடாமப் பிடிக்கணும், இல்லை ஒரே கம்ப்யூட்டர்ல எட்டு காமிரான்னா, அப்ப நானே சி பிளஸ் பிளஸ்னு சொல்வேன்.

எந்த மொழியும் தீர்க்காத பிரச்சினை ஒண்ணு இருக்கு: வெளிச்சம். 24 கேஜ்ல ஊசிக்கு ஊசி இடைவெளி சுமார் 1 மி.மீ. ஷட்டர் 1 மில்லி செகண்ட் திறந்திருந்தா துணி ஒரு ஊசி தூரம் நகர்ந்துடும், படம் இழுபடும். 0.1 மில்லி செகண்ட் ஷட்டரும், அதுக்கேத்த பளீர் எல்இடியும் வாங்கற காசுதான் முதல் காசு.

நண்பருக்கு நான் சொன்னது: பைத்தான், ஓப்பன்சிவியோட ஆரம்பிங்க. நேரத்தை அளந்து பாருங்க. எந்த இடம் 50-ஐத் தாண்டுதோ அதை மட்டும் சி பிளஸ் பிளஸ்ல மாத்திக்கலாம். மெஷினை நிறுத்த, நூல் அறுந்தா நிறுத்தற சர்க்யூட் ஏற்கெனவே இருக்கு. அதுலயே ஒரு ரிலேயைச் சேர்த்துக்கலாம். முக்கியமா, ராத்திரி ஷிப்ட்ல மக்கர் பண்ணினா, உள்ளூர்ப் பையன் ஒருத்தன் திறந்து படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி இருக்கணும்.

ரஸ்ட் ரசிகர்கள் பின்னூட்டத்துல திட்டலாம். ஆனா மில்லி செகண்ட் கணக்கோட வாங்க சாமிகளா :-)