மானியம் பட்டாவுக்கா? பாடுபடுகிறவனுக்கா?

 

புகையிலை உடம்புக்குக் கேடு என்கிறது அரசு. நாம் மறுக்கவில்லை. ஈர இலையை அறுத்துவிட்டு வாந்தியும் தலைசுற்றலுமாக வீடு திரும்பும் நம் பெண்களை தினமும் பார்க்கிறவர்கள்தானே நாம்! ஆனால் "விட்டுவிடு" என்று சொல்கிறவர்கள், விட்டால் அடுப்பு எப்படி எரியும் என்றும் சொல்ல வேண்டாமா?

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. புகையிலை விவசாயிக்கும் தொழிலாளிக்கும் கட்டுபடியாகும் மாற்றுவழி காட்ட வேண்டும் என்கிறது அதன் 17-வது பிரிவு. 2015-16 முதல் மத்திய அரசின் பயிர் மாற்றுத் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட 10 புகையிலை மாநிலங்களுக்கும் வந்தது. சரி, நம்ம ஊரில் அந்த உதவி எத்தனை பேருக்குக் கிடைச்சுது? நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்!

குண்டூரில் இருக்கும் புகையிலை வாரியம் பதிவு செய்து ஏலம் நடத்துவது சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா ரகத்துக்கு. வேடசந்தூர் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் நாம் போடுவது மெல்லும் புகையிலை. இதுக்கு அந்த ஏலமும் கிடையாது, ஆதரவு விலையும் கிடையாது. உப்புத் தண்ணி இறைச்சு, கொழுந்து கிள்ளி, பாடம் பண்ணி வச்சா, களத்துக்கு வர்ற வியாபாரி சொல்றதுதான் விலை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1930-களிலிருந்து அங்கே புகையிலைக்கு 'கோட்டா' முறையும் விலைப் பாதுகாப்பும் இருந்தன. 2004-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். ஆனால் விவசாயியை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கோட்டா வைத்திருந்தவருக்கு பவுண்டுக்கு 7 டாலர், பயிர் செய்தவருக்கு 3 டாலர் என்று கணக்குப் போட்டு, 2005 முதல் 2014 வரை 10 தவணையாகக் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 1,000 கோடி டாலர். அந்தப் பணம் யாருடையது? புகையிலைக் கம்பெனிகளிடமும் இறக்குமதி செய்கிறவர்களிடமும் வசூலித்தது!

அதிலும் குறை உண்டு. உழுதவனைவிட உரிமைக் காகிதம் வைத்திருந்தவனுக்கே கூடுதல் பணம். விலைப் பாதுகாப்பும் போனதால், பிறகு கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தை நம்பி நிற்கும் நிலை. ஆக, பணம் மட்டும் போதாது. மாற்றுப் பயிருக்கு விலையும் வேண்டும். பணம் பாடுபடுகிறவன் கைக்கு வர வேண்டும்.

இங்கே என்ன நடக்கிறது? பிரதமர் கிசான் திட்டத்தின் வருஷம் 6,000 ரூபாய் நிலம் பேரில் உள்ளவர்களுக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவனுக்கு இல்லை. நாளைக்கு புகையிலை மானியமும் பட்டா பார்த்தே வந்தால், டவுனில் குடியிருக்கிறவர் கணக்கில் பணம் ஏறும். கடனும் கிணறும் நம் தலையில் நிற்கும். குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. வாய்ச்சொல் குத்தகையை நம்பி நம்மில் எத்தனை பேர் பதிவு செய்யாமல் இருக்கிறோம்? அது நம் பக்கத்துத் தப்பு. திருத்திக்கொள்வோம்.

நாம் கேட்பது இவைதான்:

1. புகையிலை வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, பயிர் மாற்றும் சிறு விவசாயிக்கு மூன்று வருஷமாவது மானியம் கொடு!

2. பட்டாவைப் பார்க்காதே, அடங்கலில் சாகுபடியாளர் பெயரைப் பதிந்து பணத்தை அவர் கணக்கில் போடு!

3. மாற்றுப் பயிருக்குக் கொள்முதல் விலையை விதைப்புக்கு முன்பே அறிவி!

4. அறுப்புக்கும் பாடத்துக்கும் வரும் கூலித் தொழிலாளிக்கும் நிவாரணம் கொடு!

கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாருங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். தனித்தனியாய்ப் போனால் அது மனு. ஒன்றாய்ப் போனால் அதுதான் கோரிக்கை.

கேட்காமல் எதுவும் கிடைக்காது. சேராமல் கேட்டால் யாருக்கும் கேட்காது!