இடித்துவிட்டு ஹெட்செட் தருவார்கள்

வி.ஆர். வளர வளர வேலை, படிப்பு, கடைத்தெரு எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே வந்துவிடும் என்று நண்பர்கள் குதிக்கிறார்கள். வரட்டும். பொறியியல் படித்தவன், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நம் ஊரில் அது முதலில் யாருக்கு உதவும்? இடிக்கிறவர்களுக்கு.

பிரிக்பீல்ட்ஸ் 'நூறு குவாட்டர்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? 1905இல் ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். இன்று இல்லை. அதே பிரிக்பீல்ட்ஸில் 2015 நவம்பரில் மோடியும் நஜிப்பும் தோரண வாயிலைத் திறந்துவைத்தார்கள். சாஞ்சி ஸ்தூபி வாயிலின் சாயலில் செய்தது. எங்கேயோ இருப்பதன் நகலுக்கு இடம் கிடைத்தது, இங்கேயே இருந்ததற்குக் கிடைக்கவில்லை. அதன் முன்னால் நின்று செல்பி வேறு எடுக்கிறோம்!

அப்போதாவது "அடையாளம் போகுதே" என்று கத்த முடிந்தது. இனி, "அதான் ஸ்கேன் பண்ணி வெச்சிட்டோமே, மாட்டிப் பாருங்க" என்பார்கள். லேசர் ஸ்கேனர் சுவரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும், விரிசல்கூட விடாது. சரி, அந்தச் சுவருக்குள் யார் குடியிருப்பது? சென்ட்ரல் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் அலைகிற குடும்பத்துக்கு ஹெட்செட்டா கொடுப்பீர்கள்?

அந்த நகலும் நிலைக்காது. பள்ளிகளுக்காக கூகள் 2015இல் தொடங்கிய எக்ஸ்பெடிஷன்ஸ் வி.ஆர். செயலி 2021 ஜூனில் மூடப்பட்டது. ஆறே வருஷம். குவாட்டர்ஸ் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது.

நாளை கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைவீடுகளை அளக்க யாராவது ஸ்கேனரோடு வந்தால், எதற்கென்று கேளுங்கள். இடிப்பு விண்ணப்பத்தோடு அதைச் சேர்த்து வைக்க மட்டும் விடாதீர்கள்.