பெரிய நாய்க்கு எந்தப் பட்டை?

நன்றியுள்ள பிராணி எது என்று கேட்டால், பாலர் வகுப்புக் குழந்தையும் தயங்காமல் "நாய்" என்று விடை சொல்லும். தோபித்து நூலில் இளைஞன் தோபியா வானதூதருடன் நெடும் பயணம் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றதாக வாசிக்கிறோம். ஆல்ப்ஸ் மலையில் புனித பெர்னார்து கணவாய் மடத்துத் துறவிகள் வளர்த்த 'பாரி' என்ற நாய், 1800 முதல் 1814 வரை வாழ்ந்து, பனியில் சிக்கிய நாற்பது பேரையாவது காப்பாற்றியதாகப் போற்றப்படுகிறது. துரின் நகரின் இருண்ட தெருக்களில் புனித தொன் போஸ்கோவுக்குத் துணையாக வந்த 'கிரிஜோ' என்ற பெரிய சாம்பல் நிற நாயின் கதையை அறியாதவர் நம்மில் சிலரே. இத்தகைய பிராணியின் கழுத்தில் எதைப் பூட்டுகிறோம் என்பது சிறிய கேள்வி போலத் தோன்றலாம். அது சிறிய கேள்வி அன்று என்பதே நம் கருத்து.

இந்நாளில் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பெரிய நாய்களை வளர்ப்போர் பெருகிவிட்டனர். அல்சேஷன், லாப்ரடார், ராட்வைலர், டாபர்மேன் என்று தெருவுக்கு ஒன்றாவது காணலாம். நன்கு வளர்ந்த ஆண் அல்சேஷன் 30 முதல் 40 கிலோ வரை எடை இருக்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அந்த நாய் ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தால், வாரைப் பிடித்திருப்பவள் தரையில் இழுபட வேண்டியதுதான். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள பூங்காவில், கட்டின்றி விடப்பட்டிருந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைப் படித்துப் பதறாத தாய் யார்? பெரிய நாய் வளர்ப்பவருக்குப் பொறுப்பும் பெரிது. பொது இடத்தில் நாயின் கழுத்திலோ மார்பிலோ பட்டையும், கையில் வாரும் இருந்தே தீரவேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், எந்தப் பட்டை? இங்கேதான் கருத்து வேற்றுமை எழுகிறது.

"நாய் பெரியது, முரடு, ஆகவே கடுமையான பட்டை போட்டால்தான் அடங்கும்" என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். கடைகளில் அதற்கென்றே மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதலாவது சுருக்குச் சங்கிலி. 'சோக் செயின்' என்று சொல்வதும் இதைத்தான். நாய் இழுக்க இழுக்க இது இறுகிக்கொண்டே போகும். நிற்கும் எல்லை என்று ஒன்று இதற்கு இல்லை. இரண்டாவது முள் பட்டை. இதன் இரும்புப் பற்கள் உள்நோக்கி அமைந்து கழுத்தை அழுத்தும். மூன்றாவது மின்சாரப் பட்டை. எங்கோ நிற்பவர் பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி பாயும்.

முள் பட்டையைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லவேண்டும். இத்தாலி நாட்டின் அப்ருத்சோ மலைப் பகுதியில் ஆயர்கள் தம் காவல் நாய்களுக்கு முள் பட்டை அணிவிப்பது பழைய வழக்கம். ஆனால் அந்த முட்கள் வெளிநோக்கி இருக்கும். ஓநாய் நாயின் குரல்வளையைக் கவ்வ வந்தால் முள் அதன் வாயில் குத்தும். மந்தையைக் காப்பவனைக் காப்பதற்காக ஆயன் செய்த ஏற்பாடு அது. அதே முள்ளை உட்புறம் திருப்பி, காவல் காப்பவன் கழுத்திலேயே குத்த வைப்பது என்ன நியாயம்?

கழுத்து மிக மென்மையான இடம். மூச்சுக்குழல், உணவுக்குழல், இரத்தக் குழாய்கள், தைராய்டு சுரப்பி, நரம்புகள் யாவும் அவ்வழியே செல்கின்றன. பட்டை கழுத்தை இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், மார்புவாரால் இழுக்கும்போது அவ்வாறு கூடுவதில்லை என்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் இங்கிலாந்தில் செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைப் பட்டைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். நாய் பலமாக இழுத்தாலோ, நாம் வெடுக்கென்று சுண்டினாலோ, எந்தப் பட்டையும் முழுப் பாதுகாப்பானதன்று என்பதே அதன் முடிவு. சாதாரணப் பட்டைக்கே இந்த நிலை என்றால், இறுக்கவும் குத்தவுமே செய்யப்பட்டவற்றைப் பற்றி என்ன சொல்வது?

நாயின் துன்பம் ஒருபுறமிருக்க, நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாய் ஆவலோடு முன்னே பாய்கிறது. உடனே கழுத்தில் 'சுருக்'கென்று முள் குத்துகிறது. "பாய்ந்ததால் வலித்தது" என்று நாய் எண்ணும் என்று நாம் நினைக்கிறோம். நாயோ, "குழந்தை வந்தால் வலிக்கிறது" என்று கற்றுக்கொள்ளக்கூடும். உறுமினால் அதற்கும் தண்டனை என்றால், உறுமாமலே கடிக்கவும் பழகிவிடலாம். எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு ஆபத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளும் மதியீனம் இது. 2020இல் வெளியான போர்த்துகல் நாட்டு ஆய்வு ஒன்றில் 92 வீட்டு நாய்களைக் கவனித்தார்கள். தண்டித்துப் பழக்கப்பட்ட நாய்களிடம், பரிசளித்துப் பழக்கப்பட்டவற்றைவிட அச்சமும் மன இறுக்கமும் மிகுந்திருந்தன. மின்சாரப் பட்டையை வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. வலி தரும் கருவிகள் எதுவுமே வேண்டாம் என்று அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2021இல் அறிவித்தது. ஆகவே இம்மூன்றையும் பெற்றோர்கள் விலைக்கு வாங்கலாகாது என்பது நம் உறுதியான எண்ணம்.

அப்படியானால் எதை வாங்குவது? அன்றாடம் அணிய, தோலாலோ நைலானாலோ ஆன அகன்ற தட்டைப் பட்டை போதும். பெரிய நாய்க்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை அகலம் இருப்பது நல்லது. மெல்லிய கயிறு வெட்டும். அகன்ற பட்டை அழுத்தத்தைப் பரப்பும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கொக்கியும் வளையமும் உறுதியான உலோகமாக இருக்கட்டும். வீட்டுத் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்று கட்டாயம் தொங்க வேண்டும். பெரிய இன நாய்க்குட்டி கிடுகிடுவென வளருமாதலால் வாரந்தோறும் பட்டையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். மறந்தால் அது சதையில் பதிந்து புண்ணாகும். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பட்டையின் அடியில் ஈரம் தங்கும், உண்ணி சேரும். அவ்வப்போது கழற்றித் துடைப்பது நலம்.

நடக்கும்போது இழுக்கும் நாய்க்கு மார்புவாரே சிறந்தது. ஆனால் வளையம் முதுகிலன்றி மார்பின் முன்புறம் இருக்கவேண்டும். முதுகில் வளையம் இருந்தால், வண்டி மாட்டுக்கு நுகத்தடி போல, இழுப்பது நாய்க்கு இன்னும் எளிதாகிவிடும். பனிநாட்டில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு வார் பூட்டுவதும் அம்மாதிரிதானே! முன்புறம் வளையம் இருந்தாலோ, இழுக்கும் நாய் தானாகவே நம் பக்கம் திரும்பிவிடும்; தொண்டையும் நெரிபடாது.

நம் மாநிலத்துச் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுங்கியது. கழுத்தும் ஏறக்குறைய அதே பருமன். தட்டைப் பட்டை தலைவழியே நழுவிவிடும். நாய் தெருவில் தப்பி ஓடி வாகனத்தில் அடிபட நேரலாம். இவற்றுக்கு 'மார்ட்டிங்கேல்' என்னும் பட்டை பொருந்தும். இது நழுவாத அளவுக்குச் சிறிதே இறுகி, அதற்குமேல் இறுகாமல் நின்றுவிடும். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராஜபாளையம் நாய்க்கும், தட்டைப் பட்டை நழுவுமானால் இதையே அணிவிக்கலாம்.

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். எந்தப் பட்டையும் நாயைப் பழக்குவதில்லை. பழக்குவது அதைப் பிடித்திருக்கும் கை. நாய் இழுக்கிறது, நாமும் பின்னால் ஓடுகிறோம்; இழுத்தால் போக விரும்பும் இடத்துக்குப் போகலாம் என்று நாமே அதற்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறோம். வார் விறைத்தால் அசையாமல் நிற்கவேண்டும். வார் தளர்ந்தால் "சபாஷ்" என்று சொல்லி, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுத்து, மேலே நடக்கவேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே தொடங்குவது நன்று. வீட்டில் அப்பா ஒருவிதம், அண்ணன் ஒருவிதம், பாட்டி ஒருவிதம் என்றில்லாமல் எல்லாரும் ஒரே முறையைக் கையாள வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். கடையில் கிடைக்காத பொருள் அதுதான்!

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைச் சிலர் இப்போது நமக்கு நினைவூட்டக்கூடும். பிள்ளைகளைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். பள்ளியில் உடல் தண்டனை கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்த பிறகும் நாம் படிக்கத்தான் செய்கிறோம். அதற்கு வெகு காலம் முன்பே, 1877இல், தொன் போஸ்கோ தம் கல்விமுறைக்கு அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றையுமே தூண்களாக வகுத்தார். பிரம்பை அவர் நான்காம் தூணாக வைக்கவில்லை. அச்சத்தால் அடங்கியவன் ஆசிரியர் முதுகைத் திருப்பும்வரைதான் அடங்கியிருப்பான். முள் பட்டை போட்ட நாயும் பட்டையைக் கழற்றும்வரைதான் அடங்கியிருக்கும்.

எனவே, அன்புத் தோழியரே, உங்கள் வீட்டில் பெரிய நாய் வாங்க முற்பட்டால், தந்தையுடன் நீங்களும் கடைக்குச் செல்லுங்கள். வலிக்கும் பட்டையை அவர் கையில் எடுத்தால், மரியாதையோடு மறுத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். நாயை வாரோடு நடத்திச் செல்லும் பொறுப்பில் பங்கேற்று, உங்கள் பலத்துக்கு மீறிய நாயைப் பெரியவர் துணையின்றித் தெருவுக்குக் கொண்டு போகாதீர்கள். பெற்றோர்களே, ஒரு பிராணியை வலியின்றிப் பழக்கக் கற்றுக்கொண்ட மகள், நாளை ஒரு குழந்தையையும், ஒரு வகுப்பையும், ஒரு குடும்பத்தையும் அவ்வாறே நடத்துவாள் என்பதை எண்ணிப் பாருங்கள். வாயில்லாச் சீவன்களையும் படைத்த இறைவன், அவற்றை நம் கையில் ஒப்படைத்திருக்கிறார். அந்தக் கை உறுதியாகவும் இருக்கட்டும், மென்மையாகவும் இருக்கட்டும்!