ஈரலில் பிறக்கும் நஞ்சு

நஞ்சென்றால் புட்டியிலேயே நஞ்சாக இருக்கும் என எண்ணுகிறோம். சில பொருள்களோ உடலுக்குள் சென்ற பின்னரே நஞ்சாகின்றன, வாசகப் பெருமக்களே!

பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் ஸ்டைரீன் அத்தகையது. அதனை வெளியேற்ற முயலும் நம் ஈரலின் நொதிகளே அதனை ஸ்டைரீன் ஆக்ஸைடாக மாற்றிவிடுகின்றன. அதுவோ, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதனைச் சிதைக்கிறது.

இதனை முன்கூட்டியே அறிவது எங்ஙனம்? அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரஸ்லிங் குழுவினர் 2003-இல் ஒரு வழி காட்டினர். கிராஃபைட் மின்முனையின் மீது பாலிமர், டி.என்.ஏ., ஈரல் நொதியைப் போன்று செயற்படும் நொதி ஆகியவற்றை அடுக்கடுக்காகப் படியச் செய்தனர். தலைமுடியினும் பன்மடங்கு மெல்லிய அப்படலம் ஒரு குட்டி ஈரலாகவே இயங்கியது. ஸ்டைரீனை நொதி மாற்ற, மாறிய பொருள் அருகிலிருந்த டி.என்.ஏ.வைத் தாக்கியது.

டி.என்.ஏ.வின் ஈரிழை முறுக்கினுள் குவானின் என்னும் பகுதி மறைந்திருக்கும். சிதைவினால் முறுக்கு தளர்ந்தால் அது வெளிப்படும். கரைசலிலுள்ள ருத்தேனியம் சேர்மம் அதனிடமிருந்து எலக்ட்ரான்களை எளிதில் கவரும், மின்னோட்டம் உயரும். அவ்வுயர்வே சிதைவுக்குச் சாட்சி!

எனினும் இது இறுதித் தீர்ப்பன்று. சிதைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டு, படலத்திற்கு இல்லை. ஆதலின் இதனை ஓர் எச்சரிக்கை மணியெனக் கொள்வோம். புதிய மருந்து நம் பிள்ளைகளின் வாயை எட்டுமுன் ஒலிக்கக்கூடிய மணியன்றோ அது!