கோயில் ஈமெயில் உறைஞ்சு போச்சா? கம்பியூட்டரைத் திட்டாதீங்க



திருவிழா நெருங்கினாலே ஆலய அலுவலகங்களில் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "ஈமெயில் திறக்க மாட்டேங்குது, திரை அப்படியே நின்னுடுச்சு." உடனே யாராவது ஒருத்தர், "கம்பியூட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுவோம்" என்பார். தொண்டூழியர்கள் நாங்கள் சொல்வது வேறு. உண்டியல் காசில் கை வைப்பதற்கு முன்னால், நாம் அனுப்புகிற மடல்களின் எடையைக் கொஞ்சம் பார்ப்போம்.

மின்னஞ்சல் எழுத்தைக் கொண்டுபோக வந்தது. 1982-இல் அதன் அனுப்பும் விதிகளை வகுத்தபோது வெறும் ஆங்கில எழுத்துகள்தான் கணக்கு. படம், ஒலி இணைக்கும் பொதுமுறை 1992-இல்தான் வந்தது. இன்றைக்கும் நாம் இணைக்கும் படம் பெரும்பாலும் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகுது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். 4 மெகாபைட் படம் ஆறு சேர்த்தால் 24 தானே என்று நினைக்கிறோம். வழியில் அது 32-ஐத் தாண்டிடும். ஜிமெயிலில் இணைத்து அனுப்பும் எல்லையே 25 தான்.

அப்படி ஒரு மடல் வந்து சேர்ந்தால், நம் கம்பியூட்டரில் இருக்கும் மென்பொருள் அதை முழுசா இறக்கணும், மறுபடி படமாக்கணும், வைரஸ் இருக்கான்னு பார்க்கணும், முன்னோட்டம் காட்டணும். அதுக்குள்ள மூச்சு முட்டுது. பாப் முறையில் மடல் எடுக்கும் அலுவலகங்களில் இன்னும் மோசம். பாதியில் இணையம் அறுந்தால் அதே மடலை முதலிலிருந்து இறக்கும். வரிசையில் பின்னால் நிற்கும் மடல்கள் வரவே வராது.

எங்கள் கவலை அங்கேதான். பின்னால் நிற்பது யாருடைய மடல்? பிள்ளைக்குப் பெயர் சூட்ட நாள் கேட்டு ஒரு குடும்பம் எழுதிய நாலு வரி. அன்னதான உபயத்துக்குப் பணம் கட்டிவிட்டு ரசீதுக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டி. போன வருஷத்துத் திருவிழாப் படங்கள் வழியை அடைச்சுக்கிட்டு நிற்க, இவங்க "கோயில்ல பதிலே போட மாட்டாங்க" என்று மனசு உடைஞ்சு போறாங்க.

சரி, மாட்டிக்கிட்டா என்ன செய்வது?

முதலில், பதறி நாலு தடவை மூடி மூடித் திறக்காதீங்க. வேலை நடக்கும்போது வலுக்கட்டாயமாக மூடினால் மடல் சேமிக்கும் கோப்பே கெட்டுப்போகலாம். சில நிமிஷம் பொறுங்க.

அடுத்து, அதே அஞ்சல் பெட்டியை பிரவுசரில் திறங்க. பெரும்பாலான தடவை பிரச்சினை இங்கேயே தீர்ந்திடும். பெரிய மடலைக் கண்டுபிடிச்சு, இணைப்பைத் தனியாகச் சேமிச்சுட்டு, மடலை இன்பாக்ஸிலிருந்து வேறு கோப்புறைக்கு மாத்திடுங்க. வரிசை நகர ஆரம்பிக்கும்.

அப்படியும் உறைஞ்சால், கூடுதல் இணைப்புகள் இல்லாமல் மென்பொருளைத் திறங்க. பழைய வகை அவுட்லுக்கில் கண்ட்ரோல் விசையையும், தண்டர்பேர்டில் ஷிப்ட் விசையையும் அழுத்திக்கிட்டே திறந்தால் அது பாதுகாப்பு முறையைக் கேட்கும். முன்னோட்டப் பகுதியையும் மூடி வைங்க.

கடைசியாக, ஒரு நகல் எடுத்து வச்சுட்டு கோப்புறைகளைச் சுருக்குங்க. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு கோப்புறையின் எல்லா மடல்களையும் ஒரே கோப்பில்தான் வைக்கும். நாம் அழித்த மடலும் சுருக்கும்வரை அதற்குள்ளேயே கிடக்கும். "நான்தான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே" என்று சொல்வோர் இதைக் கவனிக்கணும்.

"இதுக்கெல்லாம் எதுக்குப் பாடு, வாட்ஸ்அப்பில் போட்டா முடிஞ்சுது" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் தரம் குறைஞ்சு வரும், பதாகை அச்சடிச்சா மங்கலாகத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த உரையாடல் ஒருத்தருடைய கைப்பேசியில் இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொறுப்பு மாறினால் பதிவும் அவரோடு போய்விடும். விலைப்பட்டியல், ஒப்பந்தக் கடிதம், உபயக் கணக்கு எல்லாம் கோயில் பெயரில் உள்ள பெட்டியில்தான் இருக்கணும். அதனால்தான் அந்தப் பெட்டியைச் சுத்தமாக வைக்கச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது மூன்றே மூன்று. படங்களையும் காணொளிகளையும் கோயில் கணக்கில் உள்ள கூகள் டிரைவ் மாதிரி ஓர் இடத்தில் ஏற்றி, மடலில் இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புங்க. பார்ப்பதற்கு மட்டும் என்றால் படத்தைச் சிறிதாக்கி அனுப்புங்க. அச்சுக்குப் போகும் மூலப்படம் டிரைவில் இருக்கட்டும். "எல்லாருக்கும் பதில்" அழுத்தும்போது கீழே பழைய இணைப்புகளும் தொத்திக்கொண்டு போகுதான்னு பார்த்து நீக்குங்க.

இதற்குப் பணம் செலவில்லை. அனுப்புகிறவர் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால், அலுவலகத்தில் இருக்கிற அக்காவுக்கு அரை நாள் மிச்சம். கோயில் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திட்டு உள்ளே போய்க் கும்பிட மாட்டோம் இல்லையா? கோயில் அஞ்சல் பெட்டியும் பத்துப் பேர் வந்துபோகும் வாசல்தான்.

உங்கள் ஆலயக் குழுக்களிலும் இதைப் பகிருங்கள்.